தரையிலிருந்து எட்டும் கை

தானாக ஓடித் தெருவைக் கூட்டும் இயந்திரத்துக்கு ஊர்க்காரர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டிய கூட்டம் அது. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் பொறியாளர் இளம்பரிதி அதன் முன்பக்கத்தில் தன் நெஞ்சு உயரத்தில் பொருத்தியிருந்தார். துப்புரவுப் பணியாளர் கன்னியம்மாள் பேனாவைத் தொடவில்லை. நேராகப் போய் இயந்திரத்தின் முன்னால் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினார். பொத்தான் எட்டவில்லை. “இது இடிச்சுத் தள்ளினா இப்படித்தான் சார் கிடப்பேன்.” வக்கீல் சாகிரா ஃபைலை மூடிவிட்டு அவர் பக்கத்தில் படுத்தார். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஆசிரியர் தேவசகாயம் தன்னையும் இறக்கிவிடச் சொன்னார். இயந்திரத்தில் மூன்று கைகளும் எட்டிய இடங்களில் இளம்பரிதியே சாக்பீஸால் கோடு போட வேண்டியிருந்தது. அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் இயந்திரம் திரும்பி வந்தபோது, பொத்தான் இருப்பதிலேயே கீழான கோட்டில் இருந்தது. “இப்ப எட்டும், படுத்துப் பாருங்கம்மா” என்றார் இளம்பரிதி. கன்னியம்மாள் அவரிடமிருந்து இயந்திரத்தின் சாவியை வாங்கிக்கொண்டார். “இந்தத் தடவை நீங்க படுங்க சார்.” இளம்பரிதி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் படுத்தார். கன்னியம்மாள் சாவியைத் திருகினார்.