அசையாத மயில்

கணினித் திரையில் மயில் அசைய மறுக்கிறது. ஆரோக்கிய ஜெனிபர் எங்கே கிளிக் செய்தாலும் 'டிங்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. உறுவையாறு கிராமத்தின் மதிய வெயில் ஜன்னல் கொசுவலை வழியாகப் பொடிப்பொடியாக எம்பிராய்டரி மெஷின் மேல் இறங்க, நூல்கண்டுகள் தாமாகவே எரிவதுபோல் ஒளிர்கின்றன. காலையிலிருந்து தையல் தையலாக அவள் வரைந்த மயிலை இன்னும் சேமிக்கவில்லை. நாளை கல்யாணம். ஊசிக்கடியில் மணப்பெண் சுகன்யாவின் ஜாக்கெட் துணி விறைத்துக் காத்திருக்கிறது. "ஆஃப் பண்ணிப் போடுடி" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் சுகன்யா. "பண்ணா மயிலு போயிடும். மொட்ட ஜாக்கெட்டோட மணவறையில குந்துவியா?" "குந்துவேன். நீ மட்டும் அந்தப் பக்கம் வந்துடாத." மறுபடியும் டிங். ஜெனிபர் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். செத்துப்போன புரோகிராம் இப்படிச் சத்தம் போடாது. இது எதையோ கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறு எதையும் தொடவிடாமல் நிற்கிறது. கேட்ட கேள்வி எங்கே? நிறம் ஒத்துப்பார்க்க, திரையில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலேயே இருக்கும்படி அவள் வைத்த கல்யாணச் சேலைப் படம் நடுத்திரையில் நீலக் குளமாகப் பரந்திருக்கிறது. அதை மெல்ல ஓரத்துக்கு இழுக்கிறாள். அடியில் ஒரு சின்னப் பெட்டி: 'சேமிக்கவா?' அவள் 'ஆம்' என்பதை அழுத்துகிறாள், மயில் சேமிக்கப்படுகிறது.