பின்சீட்டு ஸ்பிரிங்

“பொம்பளை உக்கார்ற சீட்டு. அலுங்காம இருக்கணும்” என்றான் ஆத்மநாதன். புதுக்கோட்டை மெக்கானிக் சவரியப்பன் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டை அமுக்கிப் பார்த்து, புதுசாகக் கல்யாணமா என்று கேட்டுச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட வண்டி அது. பின்சக்கரத்துக்கென்று ஸ்பிரிங் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்தான் குலுக்கலைத் தாங்க வேண்டும். அதுவும் தாட்டியான சிப்பாய் மூட்டை முடிச்சோடு உட்காரப் போட்டது, மெலிந்த உடம்புக்கு அமுங்கியே கொடுக்காது என்றார் சவரியப்பன்.

கழற்றுவதற்கு முன்னால் தன்னைப் பின்னால் வைத்து ஒருதரம் ஓட்டச் சொன்னான். இத்தனை நாளும் முன்னால் உட்கார்ந்தே ஓட்டியவன். கப்பி பெயர்ந்த ரோட்டில் ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் ஏறி அடித்தது.

போன வருஷம் இதே சீட்டில்தான், நிறைமாதக்காரியான மனைவி சொர்ணத்தை அரிமளத்திலிருந்து ஏற்றி வந்தான். மோட்டார் சைக்கிள் என்றாலே ஒதுங்கிப் போகிறவள், அன்றைக்கு மாட்டுவண்டி பூட்டும்வரைகூடப் பொறுக்கவில்லை. டாக்டரம்மாவை உடனே பார்க்கவேண்டும் என்று தானாகவே ஏறி உட்கார்ந்தாள். வலி வந்துவிட்டதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். வழியெல்லாம் வேறு பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தை செத்தே பிறந்தது.

குலுக்கியே கொன்றுவிட்டான் என்று ஊர் பேசியது. அவன் ஆத்தா அதை முகத்துக்கு நேரே சொன்னாள். சொர்ணம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்விட்டு ஏசியிருந்தாலாவது பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். தன் அரவை மில் கொட்டகையில் வண்டியை நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடினவன், அப்புறம் அதைத் தொடவே இல்லை.

இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். டாக்டரம்மாவிடம் மோட்டார் சைக்கிளிலேயே கூட்டிப்போகச் சொல்லி அவளாகத்தான் கேட்டாள். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டும் சொர்ணம் கேட்கவில்லை. மன்னித்துவிட்டாளா, தன்னைச் சோதிக்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மறுக்கவும் வாய் வரவில்லை.

சவரியப்பன் மெல்லிய ஸ்பிரிங்காகத் தேடி எடுத்தார். ரொம்பவும் இளக்கமாகப் போனால் குழியில் விழும்போது சீட்டு அடிவரைக்கும் போய் இடிக்கும் என்று, சொர்ணத்தின் கனத்துக்கு ஒரு அரிசி மூட்டையை ஏற்றி வைத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பின் டயரிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை சொர்ணத்தை ஏற்றிக்கொண்டு குழி குழியாகப் பார்த்து ஊர்ந்தான். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, குலுங்குதா என்று கேட்டான். தொட்டில் மாதிரி இருக்கிறது என்றாள். வயிற்றில் பிள்ளை உதைக்கிற உதைதான் தாங்கமுடியவில்லை என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. அப்படியே ரோட்டோரம் குந்திவிட்டான்.

“அன்னைக்கே இந்த ஸ்பிரிங்கை மாத்தியிருந்தா நம்ம புள்ள இருந்திருக்கும், சொர்ணம். நாந்தான் கொன்னுட்டேன்.”

சொர்ணத்தின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. வண்டியிலிருந்து இறங்கி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“உண்மையைச் சொன்னா என் வயித்துலதான் கோளாறும்பாக, அத்தை ஒங்களுக்கு வேறொருத்தியைக் கட்டி வச்சிருவாகன்னு பயந்துட்டேன். பழியை ஒங்க தலையில விட்டுட்டு வாயை மூடிக்கிட்டேங்க.”

“என்ன உண்மை?”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வண்டியில ஏறுறதுக்கு முன்னாடியே புள்ள அசைவு நின்னுபோச்சுங்க.”