வாசல் விளக்கு

ஜீப் டிரைவர் அருள்தாஸ், வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போதெல்லாம் மனைவிக்குப் போன் போடுவான். பேசமாட்டான். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டு வாசலுக்கு வந்துதான் வைப்பான்.

போன மார்கழியில் அப்படிப் போன் போட்டபடி ஏறும்போது ஜீப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான்.

கொடைக்கானலில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த அவன் மனைவி சத்தியபிரியா, முதல் பயிற்சிக்குத் தன் போனிலிருந்த அந்த அழைப்புகளின் நேரத்தையெல்லாம் கூட்ட ஒரு புரோகிராம் எழுதினாள். புரோகிராமை ஓட்டிய ஒவ்வொரு முறையும் விடை முன்னைவிடக் கூடியிருந்தது.

"எங்க மேடம் தப்பு?"

ஆசிரியை ரம்யா வரிவரியாகப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. கடைசிப் போனுக்கு மட்டும் நேரம் ஏறிக்கிட்டே கெடக்கு. நீங்க இன்னும் கட் பண்ணலையா?"

சத்தியபிரியா போனைக் காதில் வைத்தாள். ஜீப் ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே பனி இறங்கியிருந்தது. வாசல் விளக்கைப் போட்டுவைக்க வீட்டுக்குக் கிளம்பினாள்.