பின்னால் வரும் பஸ்

"கிக் செத்துப்போச்சுடா" என்று போனில் கத்தினேன்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற இறத்தோட்டை பஸ்ஸில். பாறூக் மாத்தளையில், அவன் வீட்டு மாடியில், எங்கள் பாட்டு இருக்கிற கம்பியூட்டருக்கு முன்னால்.

கிக் என்றால் டிரம்ஸில் காலால் அடிக்கிற பெரிய மேளம். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது. காலையில் பாறூக் கை வைத்தான். இப்போது பிஸ்கட் டின்னைத் தட்டுகிற மாதிரி போனிலேயே கேட்கிறது.

நாலு மணிக்கு அவனுடைய மாமாவின் வான் கொழும்புக்குப் போகிறது. பாட்டின் சீடி அதில் ஏறாவிட்டால், வானொலியின் புதுக்குரல் நிகழ்ச்சியில் இந்த வருடமும் நாங்கள் இல்லை. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் ஒலித்தரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிபர் லீவு தந்திருந்தால் நானே கம்பியூட்டரில் உட்கார்ந்திருப்பேன். தோட்டப் பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியாருக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்டார்.

ஆகவே பஸ்ஸில் இருந்தபடியே பாறூக்குக்குப் பாடம்.

எங்கள் மென்பொருளில் எல்லா மேளச் சத்தமும் வந்து சேர்கிற பாதைக்குப் பெயர் பஸ். அதற்கு ஒரு பிரதி எடுக்க வேண்டும். பிரதியை மட்டும் கம்பிரஸர் போட்டு நசுக்கி, அசலுக்கு அடியில் மெல்லக் கலக்க வேண்டும். அசலின் துடிப்பும் கெடாது, சத்தமும் தடிக்கும். கம்பிரஸர் எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்று வைக்கிற அளவுக்குப் பெயர் அட்டாக். வேலை சின்னதுதான். அதைப் பாறூக்குக்கு விளக்குவதுதான் பெரிய வேலை.

"மெயின் பஸ்ஸில கை வைக்காதடா. பின்னால வர்ற பஸ்ஸுக்கு மட்டும் அட்டாக்கைக் குடு."

"விளங்கல்ல மச்சான். எந்த பஸ்ஸுக்கு?"

அதற்குள் ஒரு வளைவு வந்து சிக்னல் போய்விட்டது. திரும்ப எடுத்து, திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அந்த ரோட்டில் வளைவுக்கா பஞ்சம். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான். வளைவுக்கு வளைவு என் குரல் ஏறிக்கொண்டே போனது.

முன் இருக்கைக் கிழவர் எழுந்து நின்று, பின் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதில் யாராவது சொந்தக்காரர் வருகிறார்களாக்கும்.

"மெதுவாப் பேசுங்க சேர்."

என்னிடம் படிக்கிற லெட்சுமணனின் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே பஸ்ஸில் கத்துகிறது, வாத்தியார் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. நான் திரும்பப் பாறூக்கின் நம்பரை அழுத்தினேன். அவர் அடுத்த ஹோல்டில் இறங்கிவிட்டார். அவருடைய தோட்டம் இன்னும் எவ்வளவோ தூரம். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

பக்கத்தில் இருந்தவரும் எழுந்து முன்னால் போய் நின்றார். எனக்குக் காலை நீட்ட இடம் கிடைத்தது.

கண்டக்டர் இருக்கை இருக்கையாகக் குனிந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். என் பையைக் காட்டி, யாருடையது, உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். என்னுடையது, வயர் என்றேன். மைக் வயர் என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. லைன் கிடைத்திருந்தது.

"அட்டாக்கை வேகமா வை. பயப்படாம நல்லா நசுக்கு. ரெடியானதும் எனக்கு அடி."

மறுபடி லைன் அறுந்தது.

பஸ் நின்றது. கண்டக்டர் ஏதோ சொன்னார், எல்லோரும் இறங்கினார்கள். நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பஸ்ஸில் நான் மட்டும்தான் இருந்தேன்.

வெளியே மணல் மூட்டைகள். அவற்றுக்கும் அப்பால், ரோட்டின் அந்தக் கரையில், இறங்கியவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழவர் ஒரு குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து விட்டார்.

அது பஸ்கள் வெடித்துக்கொண்டிருந்த வருடம். நான் இவ்வளவு நேரமும் தமிழில்தான் கத்தியிருந்தேன். அதில் தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கக்கூடிய சொற்கள் எவை என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

துப்பாக்கியோடு ஏறிய இராணுவக்காரர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். இது பாட்டு மாத்தயா, சங்கீதம் என்று சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் கையிலேயே போன் அடித்தது. அந்த இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி ஸ்பீக்கரைப் போட்டார்.

வழி முழுக்க ஒன்றும் விளங்காத பாறூக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மச்சான், பஸ் ரெண்டும் ரெடி. அட்டாக்கும் ஓகே."