நான்காவது நொடி

மல்யுத்த வீரன் ஜெனிஷைத் தங்கள் பக்கம் இழுக்க, அவனது இடது முழங்காலுக்கு ஓஷ் நகர மல்யுத்தச் சங்கம் சொன்ன விலை ஐந்து குதிரை. "விலை பேசுற சாமானாய்யா இது?" என்று பயிற்சியாளர் ஓமுர்பெக் சிரித்தே அனுப்பிவிட்டார். மறுவாரம் அந்தக் கால் நொண்ட ஆரம்பித்தது. ஓஷ்காரர்கள் ஒரு குதிரைக்கு இறங்கினார்கள்.

அந்தக் குதிரை மூன்று நாளாக பிஷ்கெக் நகரில், நடையை அளக்கும் ஆய்வுக்கூடத்து வாசலில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. கொண்டுவந்த ஆள் தாழ்வாரத்தில் சூரியகாந்தி விதை கொறித்தான். கால் தேறும் என்றால் குதிரை திரும்பிப் போகும். தேறாது என்றால் ஜெனிஷ் ஓஷுக்குப் போவான். தீர்ப்புச் சொல்ல வேண்டியது ஆய்வாளர் பெர்மெத்தின் கம்ப்யூட்டர். அதுவோ பாதியிலேயே படுத்துக்கொண்டது.

முதல் நாள் ஜெனிஷ் உடம்பெங்கும் அசைவைப் பதிய உதவும் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டி, கேமராக்களுக்கு நடுவே நடக்கவிட்டாள் பெர்மெத். ஓமுர்பெக்கின் முழங்கை பட்டுத் தேநீர் மேசையிலிருந்து ரொட்டி உருண்டது. தரையில் படுமுன் பிடித்து, நெற்றியில் ஒற்றி, மேசையில் வைத்தான் ஜெனிஷ். இதற்கெல்லாம் யார் பதிவை நிறுத்துவார்கள்? நடை தொடர்ந்தது.

அதே நடையைக் கம்ப்யூட்டருக்குள் ஓர் எலும்புக்கூடு தசைகளோடு நடக்க வேண்டும். ஜெனிஷ் சொன்னபடி, முழங்காலை இயக்கும் இடது தொடைத் தசைக்குப் பாதி பலம்தான் கொடுத்திருந்தாள் பெர்மெத். மூன்று நொடி ஒழுங்காக நொண்டிய எலும்புக்கூடு, நான்காவது நொடியில் விறைத்தது, புரோகிராம் நின்றது.

உருண்டைகளை மறுபடி எண்ணினாள். எடையைச் சரிபார்த்தாள். இடம் வலம் மாறியதா என்று தேடினாள். ஓமுர்பெக் தம் பங்குக்குக் கண்ணேறு கழிய அதிராஷ்மான் செடியைக் கொளுத்தி, கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றினார். தீ அபாய மணி அடித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். எலும்புக்கூடு கடைசி நொடிவரை நிற்காமல் நடந்தது. தொடைப் பலத்தைப் பாதியாக்க மறந்துவிட்டது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கேமராப் பதிவின் நான்காவது நொடியை நிறுத்திப் பார்த்துவிட்டு, இருவரையும் கூப்பிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல கோளாறே இல்லண்ணே. பாதி பலத்துல இந்தத் தாவு தாவ முடியாதுன்னுதான் மூணு நாளா அது சொல்லிட்டிருக்கு."

திரையில் ஜெனிஷ் இடது காலை உந்தி அந்தரத்தில் மிதந்தான். கையில் ரொட்டி.

ஓமுர்பெக் மெல்லத் திரும்பினார்.

"ரொட்டியத் தரையில விடலாமாண்ணே?" என்றான் ஜெனிஷ். அவர் பார்வை விலகாததால் குரலைத் தாழ்த்தினான். "நான் கட்டிக்கப்போற பொண்ணு ஓஷ்ல இருக்கா. கால் நல்லா இருந்தா நீங்க விடமாட்டீங்களே."

ஓமுர்பெக் மேசையிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து நிதானமாக மென்றார். பிறகு தாழ்வாரத்துக்குப் போனார். விதை கொறித்தவன் எழுந்து நின்றான்.

"பையன் உங்களுக்குத்தான்யா. குதிரை வரவு ஒண்ணு, பாக்கி நாலு."