குருவியின் பதில்

அலுவலகத்தில் எந்த சர்வர் படுத்தாலும், “இணையத்துல குருவின்னு ஒருத்தர் இருக்காரே, அவரைக் கேளுங்க” என்பார் மேனேஜர். அந்த சர்வர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மினுக்கு வயிறு பற்றி எரியும். பதினைந்து வருட அனுபவத்தோடு அவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, முகம் தெரியாத ஒரு புனைபெயருக்கு இத்தனை மரியாதையா?

“அவனுக்கு வேற பொழப்பே இல்ல போல. யார் கேட்டாலும் அஞ்சு நிமிஷத்துல பதில்!” என்று வீட்டில் வந்து பொருமினார்.

“இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கென்ன?” என்றாள் மனைவி.

“நீயும் அவன் பக்கமா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெப் சர்வரை மூல நிரலிலிருந்து டேட்டாபேஸ் வசதியோடு கம்பைல் செய்து உருவாக்கியாக வேண்டியிருந்தது. திங்கள் காலை வாடிக்கையாளர் வருகிறார். ஏழு முறை முயன்றும், டேட்டாபேஸைக் காணோம் என்று அது பாதியிலேயே நின்றது.

வீட்டில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெட்கத்தை விழுங்கிக் குருவியிடமே கேட்டார்.

நான்கே நிமிடத்தில் பதில் வந்தது: “டேட்டாபேஸ் மட்டும் இருந்தால் போதாது. அதோடு இணைப்பதற்கான ஹெடர் கோப்புகளையும் நிறுவிவிட்டு, முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள்.”

செய்தார். சர்வர் ஜம்மென்று ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு ‘நன்றி’ என்று தட்டினார்.

உடனே குருவியிடமிருந்து இன்னொரு வரி வந்தது.

“நன்றியெல்லாம் இருக்கட்டும். கதவைத் திறந்து சாப்பிட வாங்க. மூணு தடவை கூப்பிட்டாச்சு.”