துண்டுக்குள் ஒரு ஃபோன்

ஃபோனைக் குப்புறப் போட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள் கடைக்காரப் பெண்.

ஃபோனைக் கொண்டுவந்த தரகருக்குச் சுருக்கென்றது. மாடு பார்க்கத் தெரியாத ஆள்தான் எடுத்த எடுப்பில் முதுகில் தட்டுவான்.

அடுத்து, சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

பரவாயில்லை. பல் பிடித்துப் பார்க்கவாவது தெரிகிறது.

ஊசியை விட்டுக் கிண்டினாள். ஒரு வைக்கோல் துணுக்கு வெளியே வந்தது.

"என்னுங்ணா, புல்லெல்லாம் வருது?"

"பசிச்சிருக்கும் அம்முணி."

பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டுத் தரகு. அதில் ஏழு வருஷம் இந்த ஃபோன்தான் கூட்டாளி. ஒரு மூலை குளம்பு மிதித்து நசுங்கியது. ஒருமுறை சாணிக்குழியில் விழுந்தது. கழுவி, துடைத்து, வெயிலில் போட்டு வைத்தார். சாயங்காலம் தானாகவே மணி அடித்தது.

எந்த மச்சினன் இப்படி உழைப்பான்?

ஆனால் போன வாரம் மானத்தை வாங்கிவிட்டது.

பாலக்காட்டு வியாபாரி ஒருவர், மாடு நடக்கிற வீடியோ கேட்டார். தரகரும் எடுத்து அனுப்பினார். வீடியோவில் மாடு நாலு எட்டு வைத்தது. நின்றது. இழுத்தது. ஒரு துள்ளுத் துள்ளி மறுபடி நின்றது.

"மாடு நொண்டுது" என்று வைத்துவிட்டார் வியாபாரி.

கல்யாணப் பெண் மாதிரி நடக்கிற மாடு அது. நொண்டியது ஃபோன்தான்.

அடுத்த இரண்டு பேரும் அதையே சொன்ன பிறகுதான் இந்தக் கடைக்குள் கால் வைத்தார்.

புதுசு சட்டைப்பையில் ஏறியாகிவிட்டது. நாலாயிரம் மாட்டுப் படமும் அதற்குள் குடிபோய்விட்டன. மனைவி படம் ஒன்று. அதிலும் அவள் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பழசை எக்சேஞ்சில் தள்ளிவிட வேண்டியதுதான் பாக்கி.

"எழுநூறு காட்டுதுங்ணா."

அடிமாட்டு விலை. அது கிடக்கட்டும், விலையை ஏற்றுவதா கஷ்டம்?

"வாங்கி என்ன பண்ணுவீங்க அம்முணி?"

"பார்ட்ஸ் பார்ட்ஸாக் கழட்டிருவாங்கண்ணா."

எத்தனையோ மாட்டை லாரி ஏற்றிவிட்டவர். லாரி எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் தொழில் ஓடாது.

இன்றைக்குக் கேட்டுத் தொலைத்துவிட்டார்.

நீட்டிய ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு புரோட்டா மாஸ்டர், முழங்கை வரைக்கும் மைதா. பழைய ஃபோன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, இருப்பதிலேயே மலிவு ஆறாயிரம் என்றதும் கிளம்பப் பார்த்தார்.

"ஏனுங், எதுக்கு ஃபோனு?"

"பாட்டுக் கேக்கத்தானுங்க. கல்லு முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கோணும்."

"வீடியோ எடுப்பீங்களா?"

"எதைங்க எடுக்கறது, புரோட்டா வேகறதையா?"

தரகர் கண் மினுங்கியது. நடக்க முடியாததை நடக்கச் சொல்லாத ஒரு வீடு கிடைத்துவிட்டது.

"இதுல பாட்டு வெச்சா பஸ் ஸ்டாண்டே ஆடும். எண்ணெ பட்டாலும் ஆகும், தண்ணி பட்டாலும் ஆகும். மிதிச்சாலும் கோவிச்சுக்காது."

"மிதிக்கல்லாம் மாட்டனுங்க. என்ன வெலை?"

நாலு பேர் நிற்கிற இடத்தில் விலையை வாய்விட்டுச் சொல்வதா? தோளில் கிடந்த துண்டை இழுத்து மாஸ்டரின் வலக்கையை மூடினார். தன் கையை உள்ளே விட்டு மூன்று விரலைப் பிடித்தார்.

விரலுக்கு ஆயிரம். மூன்று என்று பிடித்தால் எதிராளி ஒன்று என்பார். முறைத்து, சிரித்து, ரெண்டு தடவை கிளம்புகிற மாதிரி கிளம்பினால், மனதில் இருக்கிற ஆயிரத்தைநூறில் வந்து நிற்கும். சந்தையில் துண்டுக்கடியில் அப்படித்தான் பேச்சு.

மாஸ்டர் எந்தச் சந்தையைக் கண்டார்? பெரிய மனுஷன் கை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். முழுக்கையையும் அள்ளிப் பிடித்துக் குலுக்கினார்.

ஐந்து விரல்.

ஐயாயிரம்.

கை சேர்ந்தாகிவிட்டது. இதற்குமேல் பின்வாங்கினால் சந்தையில் ஆள் என்று மதிக்க மாட்டார்கள்.

"ரொம்பச் சந்தோசமுங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் மாஸ்டர். பிசைந்து பிசைந்து இறுகின கை. நல்ல சூடு.

முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வியாபாரம் அவருக்கு அமைந்ததில்லை.

துண்டை உருவினார்.

"ஆயிரத்தைநூறு குடுங்க. போதும்."

சத்தமாகவே வந்துவிட்டது. கடைக்காரப் பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். மனதில் இருக்கிற விலை வாய்க்கு வந்தது அதுதான் முதல் தடவை. காது சூடேறியது.

மாஸ்டர் பணத்தை மேசையில் வைத்துவிட்டு, தரகர் கையிலிருந்த ஃபோனைப் பிடித்தார்.

வரவில்லை.

லேசாக இழுத்தார்.

"ஏனுங்ணா," என்றார் மாஸ்டர், "விட்டாத்தானுங்க வரும்."